செல்லிப்பட்டில் வாங்காத கார்

பழைய கார் வாங்குவது என்று முடிவானதும் இரண்டு மாதம் யூடியூபே கதியென்று கிடந்தேன். விற்பவர் பேச்சை நம்பாதே என்பதுதான் எல்லா வீடியோவும் சொன்ன பாடம். அந்தத் தெம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரிலிருந்து பைக்கில் செல்லிப்பட்டுக்குப் போனேன்.

கார் பளபளவென்று நின்றது. விற்பவர் கரும்பு போடும் விவசாயி. டயரைக் குறை சொன்னேன், பெயின்டைக் குறை சொன்னேன். மனிதர் சளைக்கவில்லை, விலையில் இறங்கவுமில்லை.

பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: “இன்னாத்துக்குபா வண்டி?”

“அம்மாவுக்கு டயாலிசிஸ்ண்ணே. வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரி போவணும்.”

அவர் முகம் மாறியது. “அப்ப இது வாணாம்பா. வேற பாரு.”

விலையேற்ற நாடகம் போடுகிறார் என்று நினைத்தேன். வீடியோவில் இதுவும் வந்திருந்தது. “நீங்க கேட்டதுக்கு மேல பத்தாயிரம் தரேண்ணே” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கார் கதவைத் திறந்து, தரையில் ஒட்டியிருந்த விரிப்பைப் பிடுங்கித் தூக்கினார். அடியில் ஆற்று வண்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

“வெள்ளத்துல சீட்டு வரைக்கும் தண்ணி பூந்த வண்டி இது. நடு ரோட்டுல நின்னுட்டா அம்மாவ தூக்கினு ஓடுவியா?”

வந்த வழியே பைக்கைத் திருப்பினேன்.

இப்போது அந்த பைக்கை விற்கப் போட்டிருக்கிறேன். பார்க்க வருபவர்களிடம், “எதுக்குங்க வண்டி?” என்று கேட்டுவிடுகிறேன். அவர்கள் காரணத்தைச் சொன்ன பிறகு, இன்ஜின் ஆயில் குடிக்கும் என்பதை மறைக்க மனசு வருவதில்லை. பைக் இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது.