நாறாத மருந்து

முக்கூடல் வயல்களில் மருந்தடிக்கிற சேக் முகம்மது வருவதைப் பார்க்கக் கண் வேண்டாம், மூக்கு போதும். முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்தே தலை நரைத்தவர். மருந்தடிக்கப் போடும் சட்டைக்குக் கொடியில் இடமில்லை. கொல்லை வேப்பமரத்தில் தனி ஆணி.

தொண்ணூற்றாறில் ஒருநாள் தலைசுற்றி வரப்பில் விழுந்தார். மனைவி ஷரீபா பீவி தீர்ப்பு சொன்னாள்: "இனி அந்த விஷத்தத் தொட்டியன்னா, நா வாப்பா வூட்டுக்குப் போயிருவேன்."

வேறு தொழில் தெரியாத மனிதர் என்ன செய்வார்? வண்ணார்பேட்டை உரக்கடையில் புதிதாக ஒரு மாவு வந்திருந்தது. சூடோமோனாஸ் என்று பெயர். நெல்லில் குலைநோயைக் கொண்டுவரும் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா அதில் உயிரோடு இருக்கிறதாம். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு நேராக இஸ்ரவேல் வயலுக்குப் போனார். போன பிசான நெல் சாகுபடியில் குலைநோய்க்குப் பாதி வயலைப் பறிகொடுத்த விவசாயச் சம்சாரி அவர்.

இஸ்ரவேல் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்.

"என்னவே இது, மூஞ்சிக்குப் பூசுத பவுடரா? நாத்தமே இல்லயே!"

"நல்ல கிருமி, அண்ணாச்சி. வெயில் தாந்த பொறவு அடிக்கணும்."

"கிருமியா? எம் வயலுக்கு நோயத் துட்டு குடுத்து வாங்கியாந்திருக்கீரு! கூட கொஞ்சம் பழைய மருந்தையும் ஊத்தும்வே, ஒரு வீரியம் வேண்டாமா?"

"ஊத்துனா இது செத்துரும், அண்ணாச்சி."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

ஒருபுறம் வாப்பா வீடு, மறுபுறம் வேற ஆள். சேக் முகம்மது ஒரு ராத்திரி யோசித்தார்.

மறுநாள் சாயங்காலம் ஆணி காலியாக இருந்ததைப் பார்த்த ஷரீபா பீவி, மனுசன் மறுபடி விஷம் அடிக்கப் போய்விட்டார் என்று துணிமணியைக் கட்டிவைத்துவிட்டு, நேரில் நாலு கேள்வி கேட்க வயலுக்கே வந்தாள். வரப்பில் ஒரு கம்பு. கம்பில் அந்தச் சட்டை, காற்று வரும் திசையில். வயலுக்குள் வெளுத்த பனியனோடு கணவர், மாவுத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். எதிர் வரப்பில் இஸ்ரவேல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"இப்பதாம்வே மருந்து மாதிரி இருக்கு!"

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். மூட்டை அன்றே பிரிந்தது.

அந்தப் பிசானத்தில் இஸ்ரவேலின் வயலில் குலைநோயால் ஒரு கதிரும் ஒடியவில்லை. "பவுடர்ல என்னவே இருக்கு? சூட்சுமம்லாம் அந்த நாத்தத்துல" என்று டீக்கடையில் அவர் விளக்க, அறுவடைக்குள் ஏழெட்டு சம்சாரிகள் சேக் முகம்மதைத் தேடி வந்தார்கள். மாவுக்குப் பெருமை கிடைக்கவில்லை. பாக்டீரியாவும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் மழை தூறினால் ஷரீபா பீவி முதலில் ஓடுவது காயப்போட்ட வத்தலை எடுக்க அல்ல. நீளக் கம்பொன்றால் அந்தச் சட்டையை ஆணியிலிருந்து இறக்கி, கூரைக்கடியில் மாட்டுகிறாள். நனைந்து நாற்றம் போய்விட்டால் பிழைப்பு என்னாவது?