சட்டைக் கையில் ஈயம்

என் அக்கா புருஷனை எங்கள் தொழிலில் ‘நேர்கோடு’ என்பார்கள். நாங்கள் ஜன்னல் திரை தைக்கிறவர்கள். ஆள் உயரத் துணியைக்கூடக் கோடு போடாமல் கண்ணால் பார்த்தே வெட்டுவார், நூல் பிசகாது. அவர் வெட்டித் தருவதை மெஷினில் தைப்பதும், இருவருக்கும் சேர்த்துப் பேசுவதும் என் வேலை.

அத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வெட்டுமேசை முன்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பலகைமேல் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிரார்த்தனைதான், ஆனால் உதடுகூட அசையாது. பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. “வீட்டுல தூங்க விடமாட்டேங்குறாளா எங்க அக்கா?” என்று வம்புக்கு இழுப்பேன். கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

பிறகு வலது கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது, அப்புறம் கை, அப்புறம் மற்றக் கையும். பார்க்கின்சன் என்றார் நரம்பு மருத்துவர். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாமாம், அடியோடு போகாதாம். இதில் ஒரு விசித்திரம். கத்தரியைப் பிடித்தால் கை நின்றுவிடும்; சும்மா வைத்தால்தான் ஆடும். பலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். பிழைப்புக்குப் பங்கமில்லை என்று நான் பெருமூச்சு விட்டேன். அத்தானுக்கு இடி விழுந்ததே அங்கேதான். சும்மா வைக்கத்தானே அவருக்குக் கை வேண்டியிருந்தது!

ஒரு கையால் இன்னொரு கையை அழுத்திப் பார்த்தார். தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதுவும் சரிப்படவில்லை. ஒருநாள் ஷட்டரைத் தூக்கியவர் நேரே கத்தரியை எடுத்தார். அவர் உட்காரும் நாற்காலி மூலைக்குப் போனது; அதன்மேல் துணிச்சுருள்கள் ஏறின.

“வியாதியக்கூடத் தாங்கிப்பாருடா,” என்றாள் அக்கா. “இந்த உக்கார்றது போச்சுன்னா மனுஷன் உள்ளுக்குள்ள செத்துருவாரு.”

இல்லாத ஒருவர்மேல் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

திரை தைக்கிறவனுக்குத் திரை தைக்கிறவன் புத்திதானே வரும். காற்றில் படபடக்கும் திரைக்கு அடி மடிப்பில் சின்ன ஈயத் துண்டுகள் வைத்துத் தைப்போம். பிறகு அது அசையாது. அத்தானின் முழுக்கைச் சட்டையை எடுத்து, மணிக்கட்டுப் பட்டியைப் பிரித்து, ஈயத்தை வரிசையாக வைத்துத் தைத்துவிட்டேன்.

மறுநாள் சட்டையைக் கொடுத்து, நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். என் மனசு நோகக் கூடாதென்று போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கைகளைப் பலகைமேல் வைத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஈயம் பலகையில் மோதி டக்டக்கென்று அப்படி ஒரு சத்தம். “யாருப்பா ஆணி அடிக்கிறது?” என்று பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் வந்து எட்டிப்பார்த்தார். டீ கொண்டுவந்த அக்கா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

அத்தானின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னை ஜன்னல்ல மாட்டப் போறியா மச்சான்?”

எத்தனை மாதத்துச் சிரிப்போ, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டையைக் கழற்றி, பிளேடு எடுத்து, நான் போட்ட தையலை அவரே பிரித்தார். பிரிக்கும்போது கை கல்லாக நின்றது. ஈயத்தை ஒதுக்கிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கைகளை மறுபடி பலகைமேல் வைத்தார். அவை முன்னைவிடப் பலமாக ஆடின. இந்தத் தடவை அவர் அவற்றைப் பிடிக்கவில்லை, ஒளிக்கவில்லை. ஆடட்டும் என்று விட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

நான் மெஷினில் கால் வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கைகள் அந்தப் பாடு படுகின்றன. அதற்கு மேலே அந்த முகம்! அப்படி ஓர் அமைதியை எந்த நல்ல உடம்புக்காரர் முகத்திலும் நான் கண்டதில்லை. பெயிண்ட் கடைக்காரர் அடி மேல் அடி வைத்துத் திரும்பிப் போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

“கை நின்னாதான் உக்காரணும்னு நானா ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். இத்தனை மாசமா அவரை வாசல்லயே நிக்க வச்சிருக்கேன், பாரு.”

நோய் அதற்காக ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. இப்போது கத்தரி பிடிக்க முடியாது. வெட்டுவது நான், கோடு போட்டுத்தான். நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. குரலும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் காலையில் நானும் அக்காவும் கொண்டுவந்து உட்காரவைத்தால், அதே மேசை, அதே முகம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த முகத்துக்கு எதிரில் வம்பு பேச நாக்கு எழுவதில்லை.

போன வாரம் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

“இப்பவும் வர்றாரா அத்தான்?”

உதடு அசைந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“போனாத்தானே மச்சான், வர்றதுக்கு?”