வடக்குக் குறி இல்லாத படம்

ரோம் நகரத்தின் அந்தப் பழைய வரைபடத்தை நான் முதலில் பார்த்தது குவைத்தின் மங்காஃபில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஒரு பக்கம் மீன்குழம்புச் சட்டி, மறுபக்கம் மகளின் கலர் பென்சில் டப்பா, நடுவில் மடிக்கணினி. கட்டடங்கள் கறுப்பு, தெருக்கள் வெள்ளை. இதில் என்ன இருக்கிறது, அலுவலகத்தில் நானும் தினமும் இதைத்தானே செய்கிறேன் என்று அலட்சியமாகத்தான் பெரிதாக்கினேன். அப்படியே கை நின்றுவிட்டது. தேவாலயங்களின் உட்புறமும் வெள்ளையாக இருந்தது. தெருவின் வெள்ளை, வாசலைத் தாண்டி, தூண்களைச் சுற்றி, பீடம் வரைக்கும் போயிருந்தது. ஒரு மனிதன் யாரையும் கேட்காமல் எங்கெல்லாம் நுழையலாமோ அங்கெல்லாம் தெரு நீளுகிறது என்று, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்னால், ஒருவர் தெருத்தெருவாக நடந்து வரைந்திருக்கிறார். குழம்பு ஆறிப்போனது. நான் எழுந்திருக்கவில்லை.

அப்போது நான் நகர வடிவமைப்பில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், பகுதிநேரம், எல்லாம் இணையத்தில். பகலில் பக்கத்துப் பஹாஹீலில் ஒரு கன்சல்டன்சி அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பெண்ணாக இருந்தாலும் விசாவில் அப்படித்தான் எழுதியிருந்தது. வில்லா, சுற்றுச்சுவர், கார் நிறுத்தம், மறுபடியும் வில்லா. அதைச் செய்து செய்து அலுத்துப்போய்த்தான் படிப்பில் சேர்ந்தேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியனாக இருந்த என் கணவர், ரோமுக்குப் போகாமலே ரோமில் வழி சொல்லப் போகிறாயா என்று கிண்டல் செய்வார். உண்மைதான். ஐரோப்பாவில் நான் கால் வைத்ததே கிடையாது. கையால்தான் போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, கையால் போனதே எனக்குப் பெரிய பயணமாக இருந்தது. பார்சலோனாவின் குடியிருப்புச் சதுரங்களை வரையச் சொன்னார்கள். ஒவ்வொரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் சீவி விட்டிருந்தார்கள். வீணாக இடத்தை விட்டிருக்கிறார்களே என்று எங்கள் ஊர் வில்லா முதலாளி மாதிரித்தான் முதலில் நினைத்தேன். எட்டுச் சதுரங்களை வரைந்த பிறகு விளங்கியது. மூலை திரும்புகிறவனுக்கு எதிரே வருவது தெரிய வேண்டும், வண்டி திரும்ப வேண்டும், வெளிச்சம் இறங்க வேண்டும். யாரென்றே தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவன் திரும்பப் போகிற மூலைக்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு சியேனாவின் சதுக்கம். சதுக்கம் என்று பெயர்தானே தவிர, கிண்ணம் போலச் சரிந்த செங்கல் தரை. ஜனங்கள் தரையிலேயே உட்காருகிறார்கள், படுக்கிறார்கள். எங்கள் பேராசிரியை ஒரு காணொளியை வேகமாக ஓட்டிக் காட்டினார். கோபுரத்தின் நிழல் தரையில் நகர, கூட்டமும் அந்த நிழலோடு சேர்ந்து நகர்ந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லோரும் நகர்கிறார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். மறுநாள் மங்காஃபில் எங்கள் கட்டடத்தின் நிழலில் கார்கள் அதே மாதிரி இடம் மாறிக்கொண்டே போனதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. இங்கே கார்களுக்குத்தான் சதுக்கம் என்று கணவரிடம் சொன்னேன்.

அந்தக் கிண்டலே எனக்கு வினையாக வந்தது. நீங்கள் வாழும் இடத்தை ரோம் படத்தின் முறையில் வரைந்து அனுப்புங்கள் என்பதுதான் அந்தப் பருவத்தின் கடைசி வேலை. எனக்கா தெரியாது என்று ஒரு வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட்டேன். அலுவலகத்தில் செய்வது போலவே செய்தேன். மனை எல்லை எது, யாருடைய மனை, அதற்குள் இருப்பதெல்லாம் கறுப்பு. வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் இது யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவோம். கடைசியில் மிஞ்சிய சாலைகளும் கார் நிறுத்தமும் மட்டும் வெள்ளையாக நின்றன.

பேராசிரியை அதைத் தேர்ச்சி இல்லை என்று திருப்பி அனுப்பினார். இன்னொரு முறை அனுப்பலாம், அதுவும் தேறாவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது. கூடவே இரண்டு வரிகள் எழுதியிருந்தார். இந்தப் படம் யாருடைய இடம் என்று கேட்பதில்லை, யார் கேட்காமல் நுழையலாம் என்று கேட்கிறது. உங்கள் ஊரில் மனிதர்கள் எங்கே போகிறார்கள்?

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஜூலை மாதத்துக் குவைத்தில் வந்து நின்று பார்க்கட்டும், மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியும். ஏசிக்குத்தான் போகிறார்கள். இங்கே எல்லோரும் வேலைக்கு வந்தவர்கள், கான்ட்ராக்ட் முடிந்தால் கலாஸ், தீர்ந்தது என்று கிளம்புகிறவர்கள், இதற்குப் பெயர் ஊரா? இப்படியெல்லாம் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, படிப்பை விடப் போகிறாயா என்று மட்டும் கேட்டார். விடுவதா? சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தூக்கத்தில் மிச்சம் பிடித்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று. வில்லாவுக்கே திரும்பிப்போய் ஆயுசு முழுக்கச் சுற்றுச்சுவர் வரைவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் வெயில் தாழ்ந்ததும் நடக்கத் தொடங்கினேன். குவைத்திகளின் வீட்டு மதில்களில், தெருவைப் பார்த்தபடி, குளிர்ந்த தண்ணீர் வரும் குழாய் பதித்திருப்பார்கள். இறந்துபோன பெற்றோர் பெயரில் தர்மத்துக்கு வைத்தது, யாரும் குடிக்கலாம். அத்தனை வருஷம் குடித்திருக்கிறேன், ஒரு நாளும் அதை வரைந்ததில்லை. கறுப்பு மதிலில் ஒரு முழம் வெள்ளை வைத்தேன். ரொட்டிச் சூளையின் ஜன்னலுக்கு முன்னால் ஜனங்கள் வரிசையில் நிற்கும் இடம், பள்ளிவாசலின் செருப்புத் தாழ்வாரம், பக்காலா என்கிற சின்ன மளிகைக் கடையில் குளிர்பானப் பெட்டி முன்னால் கூலித் தொழிலாளிகள் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கும் இடம். எல்லாம் வெள்ளைதான். ஆனால் படத்தில் பார்த்தால் உப்பைத் தூவியது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. ரோமில் வெள்ளை ஓடியது, இங்கே சிந்திக் கிடந்தது.

மறுபடி அனுப்ப இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

எங்கள் காலை எப்படி என்பதை இங்கே சொல்ல வேண்டும். இருட்டு விலகும் முன்பே கணவரின் கம்பெனி பஸ் வந்துவிடும். அடுத்து என் அலுவலக வண்டி. இரண்டாம் மாடியில் இருக்கும் நர்ஸ் தங்கச்சியிடம் மகளைத் தூக்கக் கலக்கத்தோடு கொடுத்துவிட்டு நான் ஓடுவேன். ஊரில் எங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரி, என்னைவிடச் சின்னவள் என்பதால் தங்கச்சி. அதற்குப் பிறகு மகள் எப்படிப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுகிறாள் என்று நான் கண்ணால் கண்டதே இல்லை. ஏறிவிடுவாள், அவ்வளவுதான் தெரியும்.

லீவு போட்ட அன்று வழக்கம்போல அவளைக் கொடுத்துவிட்டு, வண்டி பிடிக்கும் அவசரம் இல்லாததால், மாடிப்படியிலேயே ஏறுவதும் இறங்குவதுமாக நின்றேன். நைட் டியூட்டி முடிந்த நர்ஸுகள் ஏறிவந்தார்கள், காலை டியூட்டிக்காரர்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு கதவின் இடுக்கிலும் ஒரு செருப்பைச் செருகி வைத்திருந்தார்கள், பூட்டிக்கொள்ளாமல் இருக்க. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குழந்தை தோளில் தூங்கியபடி இறங்கி இரண்டாம் மாடிக்குள் போனது. இரண்டாம் மாடியிலிருந்து யூனிஃபாரம் போட்ட இரண்டு பேர் தட்டோடு நான்காம் மாடிக்கு ஏறினார்கள், தோசை அங்கேதான் போலிருக்கிறது. என் மகள் ஒரு வீட்டில் பல் தேய்த்து, இன்னொரு வீட்டில் சாப்பிட்டு, முதல் மாடியில் யாரோ ஒரு மலையாளிச் சேச்சி ரெட்டைச் சடை பின்னிவிட, என்னைக் கடந்து இறங்கிப் போனாள். போகிற போக்கில், இன்னைக்கு டியூட்டி இல்லையா அம்மா என்று கேட்டாள். யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. கீழே பஸ் ஹார்ன் அடித்ததும் எல்லாக் கதவுகளிலிருந்தும் பிள்ளைகள் கொட்டினார்கள்.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது. எட்டு வருஷமாக நான் ஏறி இறங்கிய படிக்கட்டு இது. இங்கே ஊரே கிடையாது என்று நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது, என் வீட்டு வாசலிலேயே ஒரு தெரு தொடங்கி மேலே மேலே ஏறிப் போயிருக்கிறது. இதைப் போட யாரும் திட்டம் தீட்டவில்லை. டியூட்டி மாறுகிற நேரத்தில் பெற்றவர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது. அதில் தினமும் நடந்து என் பெண் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

அன்று மாலையே அளவுநாடாவோடு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். நான்கு மாடிகளையும் பக்கம் பக்கமாக வைத்து வரைந்தேன். தெருவின் வெள்ளை, வாசலில் நுழைந்து, படியேறி, ஒரு வீட்டுச் சமையலறைக்குள், இன்னொரு வீட்டுக் கண்ணாடி முன்னால், மற்றொரு வீட்டுச் செருப்பு அலமாரி வரைக்கும் ஓடியது. படம் முடிந்தபோது நானே பிரமித்துப் போனேன்.

முதலில் இரண்டாம் மாடித் தங்கச்சியிடம் காட்டினேன். தன் சமையலறையைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு முகம் மாறியது.

"அக்கா, இத ஆரெல்லாம் பாக்கப் போறாவ?"

பல்கலைக்கழகம் நல்ல படங்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போடும் என்றேன். அவள் லிஃப்ட் பக்கம் கையைக் காட்டினாள். போன மாதம் கட்டட முதலாளி அங்கே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அடுத்தவர் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் குடித்தனக்காரர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. யாரோ இங்கே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார்களாம்.

"எங்க கதவ வெள்ளையா காட்டாண்டாம் அக்கா. அவரு கண்ணுல பட்டா நாங்க புள்ளையளையும் தூக்கிட்டு எங்க போவோம்?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வீடுகளைக் கறுப்பாக்கினால் நான் தேறமாட்டேன். வெள்ளையாக விட்டால், என் மகளை வளர்க்கிற அந்த வீடுகளுக்கு ஆபத்து. இரண்டு நாள் அந்தப் படத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

கடைசியில் நான் செய்ததை என் அலுவலகத்தில் யார் செய்தாலும் தாளை முகத்தில் விட்டெறிவார்கள். வடக்குக் குறியை அழித்தேன். அளவுகோலை அழித்தேன். தெருப் பெயர், கட்டட எண், தலைப்பில் இருந்த ஊர்ப் பெயர் எல்லாம் போயின. பிறகு முழுப் படத்தையும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகப் புரட்டிப் போட்டேன். என் வீட்டு பால்கனி எது என்று எனக்கே தெரியவில்லை. பதினைந்து வருஷம் டிராஃப்டிங் செய்த கைக்கு அது எத்தனை கூச்சமாக இருந்தது தெரியுமா? அப்படியே அனுப்பினேன்.

வாய்மொழித் தேர்வுக்குப் பேராசிரியையோடு வெளியிலிருந்து ஒரு தேர்வாளரும் திரையில் வந்தார். எடுத்த எடுப்பிலேயே வடக்கு எங்கே, இது எந்த ஊர் என்று கேட்டார்.

"சொல்ல முடியாது ஐயா. சொன்னால் இந்த வெள்ளையெல்லாம் நாளைக்குக் கறுப்பாகிவிடும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

இருவரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பிறகு பேராசிரியை, படிக்கட்டில் இருக்கும் சின்னச் சின்னக் கோடுகள் என்ன என்று கேட்டார். கதவிடுக்கில் செருகிய செருப்புகள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை ஆண்டுகளாக ரோம் படத்தைப் பாடம் நடத்துகிறேன், தாங்களாகவே இப்படி ஒரு தெருவைத் திறந்துவைக்கும் ஜனங்களை நான் பார்த்ததில்லை என்றார். தேறினேன். வடக்குக் குறி இல்லாததற்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், அது நியாயம்தான்.

படம் இணையத்தில் வந்த வாரம் தங்கச்சியிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதில் நம் கட்டடத்தைக் கண்டுபிடி பார்க்கலாம் என்றேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலாளி என்ன, எனக்கே தெரியவில்லை என்று நிம்மதியாகச் சிரித்தாள். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அதைத் தன் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

என்னோடு வந்திருந்த மகள் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள். அது என்ன என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. விரலைக் கீழ் வாசலில் வைத்தாள். படியில் ஏற்றினாள். எந்த இடத்திலும் விரல் தயங்கவில்லை.

"இங்க பிரஷ் பண்ணுவேன். இங்க தோசை. இங்க சேச்சி ஹேர் கட்டுவாங்க."

விரல் மறுபடி இறங்கி வாசலுக்கு வெளியே வந்து நின்றது.

"இங்க பஸ்."