சிமெண்டு முட்டை

கொடும்பாளூர்ப் பக்கம் ஓர் ஊர்ச் சமுதாயக்கூடத்தில், புதைபடிவங்களைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் கொட்டாவி விட்டது. எரிச்சலில், நானே அச்சில் வார்த்த டைனோசர் முட்டையை எடுத்து, "பல கோடி வருஷத்துக்கு முந்தின அசல் முட்டைங்க இது" என்று புளுகிவிட்டேன்.

முன்வரிசைப் பெண் ஒருவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அடியில பொடிப்பொடியா ஓட்டை இருக்கே. காத்து அடைச்ச சிமெண்டுங்க இது. அச்சுல ஊத்தியிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க? தெரிஞ்சவங்க சொன்னா கேட்டுக்கங்க."

"படிக்கலை. பதினஞ்சு வருஷமா கட்டட வேலையில சிமெண்டு கொழைக்கிறேன்."

சொல்லிவிட்டு முட்டையைத் தரையில் போட்டார். அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே கம்பிவலை பல்லை இளித்தது.

"படிச்ச திமிரு! இனிமே இங்கிட்டு வராதீங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

பதறிப்போய்ப் பையிலிருந்த கல்மரத் துண்டை எடுத்தேன். மரம் கல்லாகிப்போன நிஜமான புதைபடிவம் அது. அந்தப் பெண்ணிடமே நீட்டினேன்.

"இது அசலுங்க. சத்தியமா."

"இதை எந்த அச்சுல ஊத்துனீங்க?"

அவர் வாங்கவில்லை. வேறு யாரும் கை நீட்டவில்லை. கூடம் காலியாகும்வரை நீட்டிய கையோடு நின்றேன்.

அந்தக் கல்மரம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், ஒரு நொடி, எனக்கே அது சிமெண்டாகத் தெரிகிறது.