பூதக்கண்ணாடி அம்மாள் எழுதிய பரீட்சை

அந்தக் கிளை நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி முகத்துக்கு நேரே 'அம்மா', முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி'. திரும்பி வந்த புத்தகத்தை அவர் அப்படியே வாங்கி அடுக்கியதாகச் சரித்திரம் கிடையாது. முதுகைத் தடவிப் பார்ப்பார். பக்கங்களைச் சரசரவென்று ஓட்டுவார். பிறகு கொண்டுவந்தவரின் முகத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்.

பிறவிக் குணம் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளைச் சட்டையும் தங்க விளிம்புக் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் தினமும் வருவார். பேராசிரியர் என்று சொல்லிக்கொள்வார். 'உன்னைப் போல நாலு பேர் இருந்தா போதும்மா, நாடே படிச்சிடும்' என்பார். அம்மாள் குளிர்ந்துபோய், சன்னலோர நாற்காலியை அவருக்கென்றே ஒதுக்கி வைத்தார். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, தாவரங்களைப் பற்றிய பழைய தொகுதிகளில் வண்ணப்படம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று. பிளேடால் வெட்டி எடுத்துப் போயிருந்தார் அந்தப் பெரிய மனிதர். விசாரணையில் குறுகி நின்றது அம்மாள்தான். வெளுத்ததெல்லாம் பாலில்லை என்று அன்றைக்குப் படித்த பாடத்தை அதற்குப் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. நூலக ஊழியர்கள் எல்லாரும் ஆறு வாரம், புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு, இணையவழிப் பயிற்சியில் சேர வேண்டும். பொருள்: மக்களைத் தேடிப் போவதும், நெருக்கடியில் இருப்பவர்களுக்கு உதவுவதும். கேமரா கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

அம்மாள் அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு யோசிச்சியா?" என்று பைண்டரிடம் கேட்டார். பைண்டர் என்பவர் பின்னறையில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவர். அம்மாளைவிட நாலு வயது இளையவர்.

"பாடம் நடத்துறாங்க, கேட்டுட்டுப் போவோமேக்கா. இதுல என்ன இருக்கு?"

"ஆள் குறைக்கிறதுக்கு முன்னாடி இப்படித்தான் தேன் தடவுவாங்க. யாருக்குத் தெரியல, யாருக்கு வரலன்னு லிஸ்ட் எடுப்பாங்க. கேமரா எதுக்குக் கட்டாயம்? நம்ம மூஞ்சி அவ்வளவு லட்சணமா?"

"உங்க மூஞ்சியப் பார்த்தா அவங்கதான் கேமராவ மூடுவாங்க" என்றார் பைண்டர், ஊசியில் நூல் கோத்தபடி.

முதல் வகுப்பில் திரையில் தெரிந்த பயிற்சியாளர் நாற்பது வயதுப் பெண்மணி. தணிந்த குரல். பின்னால் நிரம்பி வழியும் புத்தக அலமாரி. அந்த அலமாரி நிஜமா, ஒட்டிய படமா என்று கண்டுபிடிப்பதிலேயே அம்மாளுக்கு முதல் அரைமணி போயிற்று. ஆனால் கடைசியில் அந்தப் பெண்மணி சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் ஆணி அடித்தது போல உள்ளே இறங்கியது.

"நடுவுல ஒரு செய்முறை மதிப்பீடு இருக்கும். எப்போன்னு இப்போ சொல்லப்போறதில்ல."

சொல்ல மாட்டார்களாம். அம்மாள் நோட்டில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

வகுப்புகள் நடந்தன. கலங்கியிருக்கிறவர் எதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில் உட்காருங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். யார் வருகிறார், என்ன படிக்கிறார் என்பதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், சொந்தக்காரர் என்று வந்தாலும் சரி. ஊழியர்களுக்குள் ஒரு ரகசிய வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நம்பி எழுதவில்லை, நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் கையில் ஆதாரம் இருக்கட்டும் என்று எழுதினார். ரகசிய வாக்கியத்தையும் பைண்டரோடு பேசி வைத்தார்: 'பழைய அட்லஸைத் தைச்சாச்சா?' என்று கேட்டால், உள்ளே இருக்கும் வாசகரைப் பின்னறைக்கு அழைத்துப் போய்க் கதவைப் பூட்ட வேண்டும்.

"நம்மகிட்ட அட்லஸே இல்லியேக்கா."

"அதனாலதான்யா அது ரகசியம்."

நான்காம் வாரம் திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அகராதி அலமாரிக்குப் பின்னால், சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கையில் எடுத்த புத்தகம் மறுநாளும் அதே பக்கத்தில் திறந்திருந்தது. கைபேசி அணைத்த நிலையில் மேசைமேல் கிடந்தது. காலில் இருந்த செருப்பு இரண்டு அளவு பெரியது, வேறு யாருடையதோ. காலையில் திறந்ததும் வந்து முகம் கழுவினாள், மூடும்போதுதான் போனாள்.

முதலில் அம்மாளுக்குப் பிளேடு ஞாபகம்தான் வந்தது. அந்த அலமாரிப் பக்கம் நாலு தடவை தூசு தட்டப் போனார். பிளேடு இல்லை, வெட்டு இல்லை. பிறகு சட்டென்று பொறி தட்டியது. சுவரில் முதுகு, வாசலில் கண், புரளாத பக்கம், பொருந்தாத செருப்பு. மூன்றாம் வாரப் பாடத்தில் 'கவனிக்க வேண்டிய அடையாளங்கள்' என்று வந்த அத்தனையும் ஒரே ஆளிடம்! தையற்காரர் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"அனுப்பிட்டாங்கய்யா" என்றார் பைண்டரிடம், உதடு அசையாமல். "அதுதான் செய்முறை."

செவ்வாய் மத்தியானம், கூடம் காலியாக இருந்தபோது, அம்மாள் ஒரு தம்ளர் தண்ணீரோடு போனார். பக்கவாட்டில் உட்கார்ந்தார். வாசலை மறைக்கவில்லை. மனதுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிக்குறி போட்டுக்கொண்டார். பிறகு அந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இங்க இருக்கிறது உங்களுக்குப் பாதுகாப்பா இருக்குதாம்மா?"

அந்தப் பெண் தண்ணீரைக் குடித்தாள். கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"வீட்டவிட இங்க பரவால்லங்க" என்றாள். "ராத்திரி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். அவரு தேடிட்டு வந்துடுவாரு."  சத்தமே இல்லாமல் அழுதாள்.

என்னமாய் நடிக்கிறாள் என்று வியந்தார் அம்மாள். பத்துக்கு ஒன்பது போடலாம் என்று தோன்றியது. நோட்டிலிருந்து பெண்கள் காப்பகத்தின் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "இங்கேருந்தே பேசலாம். நான் பக்கத்துல இருக்கேன்" என்று பாடத்தில் இருந்தபடியே சொன்னார். அந்தப் பெண் சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்; அந்த எண்ணை அழைக்கவில்லை. புதன்கிழமை வகுப்பில் அம்மாள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டால், கண்டுபிடித்துவிட்டது அவர்களுக்குத் தெரிந்துபோகும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு மனிதர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, படிய வாரிய தலை, தோளில் ஒரு பை, கையில் ஒரு புகைப்படம்.

"வணக்கம்மா. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும். இது என் மனைவி. மனசு கொஞ்சம் சரியில்ல. மாத்திரை சாப்பிடாம வெளிய வந்துட்டா. சாப்பிட்டாளோ என்னவோன்னு எனக்குத் தூக்கமே இல்லம்மா. இங்க வந்தாளா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அம்மாளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வினாத்தாளின் இரண்டாம் பகுதி வந்துவிட்டது!

"இங்க யாரு வர்றாங்க போறாங்கன்னு வெளிய சொல்ற வழக்கம் இல்லைங்க."

"நான் வெளியாள் இல்லையே, புருஷன்."

"யாரா இருந்தாலும் சரிங்க."

அந்த மனிதர் புன்னகை மாறாமல் முன்னால் குனிந்தார். குரலை மட்டும் இறக்கினார்.

"நீ எத்தனை மணிக்கு இதப் பூட்டிட்டுப் போவே, எந்தத் தெருவுல தனியா நடப்பேன்னு எனக்கும் கண்டுபிடிக்கத் தெரியும். புரியுதா?"

அம்மாள் அவர் கையைப் பார்த்தார். புகைப்படத்தை மேசையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரல், சரியாக அந்தப் பெண்ணின் முகத்தின்மேல் இருந்தது. அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்திருந்தது. எந்தப் பயிற்சியாளரும் இப்படி ஒரு விரலைச் சொல்லிக்கொடுத்து அனுப்ப முடியாது.  பரீட்சை இல்லை இது. அப்படியானால் அந்தக் கண்ணீர்?

"நானே உள்ள போய்ப் பார்த்துக்கிறேன்" என்றார் அவர். பொது நூலகம், யாரும் உள்ளே போகலாம், தடுக்க வழியில்லை.

ஆனால் அம்மாள் கையில் வேறொன்று இருந்தது. இருபத்தாறு வருடம் வாசகர்களை அழ வைத்த அவருடைய சோதனை.

"தாராளமா போங்க. பதிவேட்டுல எழுதிட்டுப் போங்க. பேரு, முகவரி, கைபேசி எண், கையெழுத்து." குரல் நடுங்காமல் இருக்கப் பதிவேட்டைத் தூக்கித் தொப்பென்று போட்டார். "அடையாள அட்டை காட்டுங்க. இது நகல். அசல் இல்லியா? சரி, வெளிச்சத்துல காட்டுங்க. ஃபோட்டோ உங்களுதா? மீசை இல்லியே. பேனா அங்க இருக்கு. அது எழுதாது, இத எடுத்துக்குங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தபோது, அம்மாள் பின்னறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பைண்டரே, பழைய அட்லஸைத் தைச்சாச்சா?"

உள்ளிருந்து பதில் வந்தது. "எந்த அட்லஸ்க்கா?"

பாவி மனுஷன்! அம்மாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"பழைய அட்லஸ்யா! அகராதிக்குப் பின்னாடி இருந்துச்சே, கிழிஞ்சுபோன அட்லஸ்!"

 பிறகு நாற்காலி தள்ளும் சத்தம். "தைச்சுடறேன்க்கா. இப்பவே தைச்சுடறேன்."

அந்த மனிதர் கையெழுத்துப் போட்டு, பையை ஒப்படைத்து, உள்ளே போனபோது அகராதி அலமாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் திறந்த புத்தகமும் மட்டும் இருந்தன. இரண்டு மாடியும் ஏறி இறங்கினார். பின்னறைக் கதவை ஆட்டிப் பார்த்தார். நூலகர் தன் அறையிலிருந்து வந்து, "அது ஊழியர் அறைங்க" என்று எதிரே நின்றார். அதற்குள் அம்மாள் மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக் காப்பகத்துக்குப் பேசி முடித்திருந்தார். இருபது நிமிடத்தில் பின்சந்தில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அவர்களையும் அம்மாள் சும்மா விடவில்லை. அலுவலக எண்ணுக்குத் திரும்ப அழைத்து, அவர்கள் அவர்கள்தானா என்று கேட்ட பிறகே பைண்டரைப் பின்னறையின் சந்துப் பக்கக் கதவைத் திறக்கச் சொன்னார்.

வேன் போன கால்மணி கழித்து அந்த மனிதர் பையை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார். அவருடைய முகவரியும் கையெழுத்தும் பதிவேட்டில் இருந்தன. நூலகர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு மாதம் அம்மாளைப் பைண்டர்தான் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

அன்று மாலையே அம்மாள் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தார். "உண்மையச் சொல்லுங்க. நீங்க அனுப்பினதா?"

 "நாங்க யாரையும் அனுப்பலைங்க. செய்முறைன்னா அஞ்சாம் வாரம் உங்க தெருவுல நூலகத்துக்கு வராதவங்க நாலு பேர்கிட்ட பேசி எழுதிட்டு வரச் சொல்றது, அவ்வளவுதான். என்ன ஆச்சு? நீங்க நல்லா இருக்கீங்களா?"

நல்லா இருக்கீங்களா என்று கேட்ட குரலில் மேற்கொண்டு துருவ ஒன்றுமில்லை. அம்மாள் முதல்முறையாக அந்தப் பெண்மணியிடம் நோட்டைப் பார்க்காமல் பேசினார்.

ராத்திரி அம்மாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கணவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர். எண்களைத் தவிர எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர்.

"அதான் காப்பாத்திட்டியே, இன்னும் என்ன?"

"அந்தப் பொண்ணு என் பக்கத்துல உக்காந்து அழுதுச்சுங்க. நான் அதுக்கு மார்க் போட்டுட்டிருந்தேன். பத்துக்கு ஒன்பது."

கணவர் கொஞ்ச நேரம் மென்றார். "தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"பக்கத்துல உக்காந்தியா?"

"உக்காந்தேன்."

"அப்புறம் என்ன. நம்பிக் குடுத்த தண்ணியும் நம்பாம குடுத்த தண்ணியும் தொண்டைக்கு ஒண்ணுதான்."

சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாளுக்கு அது போதவில்லை. அந்த ஒன்பது வெகுநாள் உறுத்தியது. சன்னலோரப் பெரியவரை நம்பிக் கெட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். நம்பாமல் கெட்டது எத்தனையோ, அதற்கு விசாரணையே கிடையாதே என்று பைண்டரிடம் ஒருநாள் சொன்னார். 

குணம் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. பயிற்சி முடிந்து சான்றிதழ் வந்தபோது, கையெழுத்து அச்சா மையா என்று நனைத்த விரலால் தேய்த்துப் பார்த்தார். ஆனால் ஐந்தாம் வாரச் செய்முறைக்கு நாலு பேரைத் தேட வேண்டும் என்றபோது தன் தெருவுக்குப் போகவில்லை. காப்பகத்துக்கு எழுதி அனுமதி வாங்கி, பைண்டர் கட்டித் தந்த அட்டைப்பெட்டியில் இருபது புத்தகங்களோடு போனார். வாசலில் இருந்த காவல்காரம்மா இவருடைய அட்டையை முன்னும் பின்னும் திருப்பி, அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, பெட்டியிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக உதறிப் பார்த்தாள். அம்மாளுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்தப் பெண் அங்கே இல்லை. பாதுகாப்புக்காக வேறு ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களும் சொல்லவில்லை, அம்மாளும் கேட்கவில்லை.

பயிற்சி முடிந்த பிறகும் வியாழக்கிழமைதோறும் அந்தப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. ஒருநாள், கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு புதுப் பெண், வெகுநேரம் தயங்கி ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தாள்.

"எப்ப திருப்பித் தரணுங்க?"

அம்மாள் தேதி முத்திரையை எடுத்தார். ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, அவளுக்குப் பக்கவாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல படிம்மா" என்றார்.