அக்கரைப் புத்தகம்

தில்லைநாயகம் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பத்திரம் எழுதுகிற மனிதர், பத்து வரிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வருவார். பக்கத்து மேசையில் முத்திரைத்தாள் விற்கிற எனக்கு அந்த நடையே தலைவலி.

தொண்ணூற்று நாலில் எங்கள் பக்கத்துப் பதிவு எல்லையைப் பிரித்தார்கள். தாமிரபரணிக்கு இக்கரையில் உள்ள பதினோரு கிராமங்களுக்குப் புதுப் பத்திர ஆபீசு வந்தது. முந்தின பதிவெல்லாம் அக்கரை ஆபீசுப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. நிலம் வாங்குகிறவர் இரண்டு இடத்திலும் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதைத் தொண்டை கிழியச் சொன்னவர் தில்லைநாயகம்தான்.

தொண்ணூற்று ஆறு ஆவணியில், பீடி சுற்றும் சந்தனமாரி ஐந்து சென்ட் மனை வாங்க வந்தாள். கல்யாணமான நாள் முதல் ஏழு வாடகை வீடு மாறியவள். விற்பவன் காந்திமதிநாதன், தில்லைநாயகத்தின் மைத்துனன்.

"நம்ம வீட்டு நெலந்தானே அத்தான், அக்கரைக்கு எதுக்கு அலையுதீய?" என்றான்.

இவரும் இக்கரையில் மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரத்தை எழுதிவிட்டார். ஊரான் நிலம் என்றால் விடுவாரா? எனக்கு ஆத்திரமாக வந்தது.

பதிவு நாளில் சந்தனமாரி பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தாள். தில்லைநாயகமோ வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"காலுல சக்கரமா கட்டியிருக்கு வே?" என்றேன்.

"மனசு கெடந்து அடிக்குது மீரான்."

"அப்போ போயிப் பாத்துட்டு வாரும். ஒரு பொம்பள குடியிருக்கப் போற எடம்லா அது!"

"இங்கனயே இரும்மா, வந்துருதேன்" என்று சந்தனமாரியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். கொஞ்ச நேரத்தில் காந்திமதிநாதனையும் காணோம்.

மூன்று மணிக்குத் திரும்பியவர் பொத்தென்று உட்கார்ந்தார். எண்பத்தொன்பதிலேயே மாமனார் அந்த மனையை மகள் பாலம்மாளுக்கு எழுதிவைத்திருக்கிறார். பாலம்மாள் வேறு யாருமில்லை, இவர் மனைவி. அந்தப் பத்திரத்தை மகன் காந்திமதிநாதன் ஒளித்துவிட்டான். ஒரு பிடி மண்கூடத் தரவில்லையே என்று, அப்பன் சாவுக்குக்கூட அழாதவள் பாலம்மாள்.

"அப்போ எனக்கு இல்லையா அண்ணாச்சி?" என்று சந்தனமாரி கேட்டாள்.

மறுநாள் பாலம்மாளே ஆபீசுக்கு வந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்" என்றாள் கணவரிடம். "ஆனா எங்கப்பா எனக்குக் குடுத்ததுன்னு மொதல்ல போடுங்க. போட்டுட்டு, சத்தமா வாசிங்க."

தில்லைநாயகம் ஒருமுறைகூட எழுந்திருக்காமல் எழுதி முடித்து, வாசித்தார். பாலம்மாள் தன் அப்பாவுக்காக அப்போதுதான் அழுதாள்.