கப்பலில் எந்த ரூம்

நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் உங்கள் அம்மாவும் நானும் கப்பலில் அந்தமான் போய் வந்தோம். அங்கே எடுத்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் கடல் எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறீர்கள். கடல் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு நன்றாக நினைவில் நிற்பது டிக்கெட் எடுத்த கதை. அதை எழுதி வைக்கிறேன்.

அப்போது உங்கள் மாமாவும் நானும் கூட்டாக ஒரு லாரி வைத்திருந்தோம். ராசிபுரம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசி ஏற்றி மெட்ராஸ் கொண்டுபோவோம். ஒரு நடை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூட்டை இறக்கக் காத்திருந்தபோது வெள்ளையாக ஒரு பெரிய கப்பலைப் பார்த்தேன். அது ஆள் ஏறுகிற கப்பல், அந்தமான் போகிறது, யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம், உள்ளே கட்டில் போட்ட ரூம்கூட உண்டு என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். ஊர் வந்து சேரும்வரை எனக்கு அதே நினைப்பு.

ஆனால் அம்மாவுக்குப் பஸ்ஸே ஆகாது. கல்யாணமான புதிதில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே வந்தவள், பாதி மலையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தவள் மேலே வர மாட்டேன் என்றாள். எதிரே இறங்கி வந்த பஸ்ஸில் சேலத்துக்கே திரும்பினோம். அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்க" என்பதுதான் பதில். லாரியில் முன்னால் உட்கார்ந்து வந்தால் மட்டும் அவளுக்கு ஒன்றும் செய்யாது. எத்தனை தூரம் என்றாலும் பேசிக்கொண்டே வருவாள்.

கப்பல் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, பஸ்ஸுன்னா பாதியில எறங்கிக்கலாம். கடல்ல எங்கீங்க எறங்கறது?"

"மலை ரோடாட்டம் வளைஞ்சு வளைஞ்சு போகாது. நேராப் போகும்."

"நீங்க போயிப் பாத்தீங்களாக்கும்."

அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். அந்த வாரமே ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள். "வாரேனுங்க. ஆனா ஒண்ணு. அங்கயும் என்னால முடியாமப் போச்சுன்னா, இனி என்னை எங்கயும் கூப்பிடக் கூடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ பார்க்க ஆசைப்பட்ட ஊர்கள் நிறைய இருந்தன. அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போய் எதைப் பார்ப்பது? அதனால் நல்ல ரூமாகப் பார்த்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உங்கள் மாமாவிடம் யோசனை கேட்டேன். "மேட்டூர்ல பரிசல்ல ஏத்துனதுக்கே கண்ணைத் தொறக்காம வந்தவளுங்க மாப்ள அவ" என்று சிரித்தார். பிறகு அக்கறையாகவே சொன்னார். "முன்னாடி ரூமாக் கேளுங்க. டிரைவருக்குப் பக்கத்துல கெடைச்சா இன்னும் நல்லது."

எனக்கும் அதுதான் தோன்றியது. லாரியில் முன்னால் உட்கார்ந்தவனுக்கு ஒரு அலுப்பும் இல்லை. பின்னால் மூட்டை மேல் படுத்து வருகிறவனுக்குத்தான் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கும். பஸ்ஸிலும் கடைசி சீட்டுதானே தூக்கித் தூக்கிப் போடுகிறது? கப்பல் மட்டும் வேறு மாதிரியா இருக்கப் போகிறது?

அடுத்த நடை ஜவ்வரிசியோடு அம்மாவையும் லாரியில் கூட்டிக்கொண்டு போனேன். சரக்கை இறக்கிவிட்டுக் கப்பல் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கப்பலின் படத்தை மேசையில் விரித்தார். கட்டம் கட்டமாக ரூம்கள் போட்டிருந்தது.

"எல்லாத்துக்கும் முன்னாடி இருக்கிற ரூம் வேணுமுங்க" என்றேன்.

"முன்னாடியா? காலியாத்தான் இருக்கு சார். வட்டமா ஒரு ஜன்னலும் உண்டு. நடுவுல கீழ் தட்டுலயும் ஒண்ணு இருக்கு, அதுக்கு ஜன்னல் இல்லை. ஆனா ஜனங்க நடுவுலதான் கேப்பாங்க."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லாரி ஆபீஸ்களில் நல்ல லோடை உள்ளூர்க்காரனுக்கு ஒதுக்கிவிட்டு, வெளியூர்க்காரன் தலையில் யாரும் எடுக்காத லோடைக் கட்டுவார்கள். ஜன்னல் இல்லாத ரூமை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, "முன்னாடியே எழுதுங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். மையை ஒற்றுவதற்கு அரைவட்டமாக ஒரு மரக்கட்டை வைத்திருந்தார். அடியில் ஒற்றுத்தாள் சுற்றியிருக்கும். பேரை எழுதி அதன் மேல் கட்டையை உருட்டி ஒற்றிவிட்டு ஓரமாக வைத்தார். அது தானாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் நின்றதும் விரலால் தட்டி மறுபடியும் ஆடவிட்டாள்.

"ஏனுங்க, கப்பலும் இப்படித்தான் ஆடுமுங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

"அலை வந்தா இப்படித்தாம்மா."

"இதுல முன்னாடியும் பின்னாடியும்தான் ஏறி ஏறி எறங்குது. நடுவுல அவ்வளவா இல்லைங்களே."

"அதுக்குத்தாம்மா நடுவுல கேக்கறாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நடுவுலயே எடுங்க."

"ஜன்னல் இருக்காது. லாரியில வெளிய பாத்துக்கிட்டு வர்றதுனாலதான் உனக்கு ஒண்ணும் ஆகறதில்லை" என்றேன்.

"பாக்கோணும்னா மேல ஏறிப் பாத்துக்கறேன். படுக்கற எடம் தூக்கித் தூக்கிப் போடக் கூடாது."

கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மனசு முழுதாக ஒப்பவில்லை. ஆனால் முடியாமல் கிடக்கப் போவது அவள். "நடுவுல எழுதுங்க" என்றேன். அவர் முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

கப்பல் ஏறிய அன்று சாயங்காலம்வரை மேல்தட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம். கரை மறைந்ததும் அலை பெரிதானது. திடீரென்று அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். கம்பி ஓரமாகவே வாந்தி எடுத்துவிட்டாள்.

தண்ணீர் கொடுத்தேன். கீழே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். மேல் கட்டிலில் படுத்து மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது, இனி எங்கேயும் கூப்பிட முடியாது என்றே நினைத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கீழ்க் கட்டில் காலி. பயந்துபோய் மேலே ஓடினேன். வெயில் படும் இடமாகப் பார்த்து, போர்ட் பிளேரில் குடியிருக்கும் ஒரு அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கொண்டுவந்த முறுக்கு டப்பா நடுவில் திறந்திருந்தது. கையில் டீ.

"ஒடம்பு எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. நேத்து ரொம்ப நேரம் மேல நின்னதுனாலதான். கீழ போயிப் படுத்ததும் தூங்கிட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "தையில எங்கண்ணனூட்டுல ராமேஸ்வரம் போறாங்களாமா. நாமளும் போலாமுங்களா?"

அதுவரை எங்கே போவதென்றாலும் நான்தான் கேட்பேன். முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, ரயிலிலா பஸ்ஸிலா என்று கேட்டேன்.

"ரயில்லதானுங்க" என்றாள். "பஸ்ஸெல்லாம் நமக்கு ஆகாது."